பில் யார் பேருக்கு

ரிச்சி தெருவில் மதியம் ஒன்றரை.
ஒயர்க் கட்டுகளைத் தோளில் மாலையாகப் போட்ட ஒருவன்
நின்றபடி கரும்புச்சாறு குடிக்கிறான்.
நாங்கள் நான்காவது கடைக்கு ஏறுகிறோம்.
கையில் மூன்று கொட்டேஷன்,
ஒன்றின் முதுகில் பெனிட்டாவின் கூட்டல்:
வாங்கிக் கோத்தால் எண்பத்தேழாயிரத்து நானூறு.
ரெடிமேட் என்றால் தொண்ணூற்றாறு.

நடுவில் நிற்கிற எட்டாயிரத்து அறுநூறு
மேடவாக்கம் வீட்டில்
ஒருத்தியின் ஒரு மாத வாடகை.
இப்படிச் சொன்னது நான்.
"இல்லன்னா மூணு நாள் தூக்கம்" என்றாள் அவள்.
இருவரும் கணக்கில் சரி.

கண்ணாடிக்குள் நின்றது அது,
ஊதாவிலிருந்து பச்சைக்கு நழுவிக்கொண்டே,
எல்லாம் முடிந்துபோன பெட்டி.
துடைத்துக்கொண்டிருந்த பையன் கேட்டான்:
"யாருக்கு மேடம், தம்பிக்கா?"
"இவளுக்குத்தான்,
ராத்திரியில என்னைச் சுட்டுக் கொல்ல."
அவன் சிரிக்கவில்லை.
பெட்டியைத் திருப்பி, பின்னால் ஒட்டிய
வெள்ளிச் சீட்டைக் காட்டினான்.
இது கிழியாத வரைக்கும் மூணு வருஷம்
உள்ள என்ன ஆனாலும் எங்க பொறுப்பு.
தொறக்க மட்டும் கூடாது.

மூன்று வருஷம்.
பெனிட்டா விலைச்சீட்டைப் படித்தாள், இரண்டு தரம்.
புனேயிலிருந்து வந்த மெயிலுக்கு
அவள் இன்னும் பதில் போடவில்லை.
எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும்.
தட்டு கழுவும்போதுகூட
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

"வேணாம், நாமே கோக்கலாம்" என்றாள்.
"பின்னாடி
பிரிச்சு
மாத்திக்கலாம்ல."
அந்த நடுச்சொல்லில் மட்டும்
ஸ்கூட்டர் போல ஒரு நொடி இறங்கி ஏறினாள்.

"பில் யார் பேருக்கு?"
ரெண்டு பேருக்கும்.
கம்ப்யூட்டர்ல ஒரு பேர்தான் மேடம் ஏறும்.
அப்போ ரெண்டு பில்.

மதர்போர்டு அவளுக்கு.
அதில் உட்காரவேண்டிய பிராசஸர் எனக்கு.
ரேம் ஆளுக்கு ஒரு குச்சி.
பவர் சப்ளை அவள், கேபினெட் நான்,
காற்றாடிகளுக்குச் சீட்டு குலுக்காத குறை.
கிராபிக்ஸ் கார்டில் வந்து நின்றோம்.
முப்பத்தோராயிரம்.
"நீ வெச்சுக்கோ,
நான் கொஞ்சம் கூடப் போடறேன்" என்றாள்,
விட்டுக்கொடுக்கிற குரலில் இல்லை,
விட்டுவிட்டுப் போகிற குரலில்.
நான் வெளியே பார்த்தேன்.
கரும்புச்சாறுக்காரன் சக்கையை
மறுபடி ஒரு தடவை மெஷினுக்குள் தள்ளினான்.

சிந்தாதிரிப்பேட்டையில் ரயில் ஏறினோம்.
கேபினெட் அட்டைப்பெட்டிக்கு ஒரு இருக்கை.
மயிலாப்பூரில் ஏறிய பெண்மணி
அதை முறைத்தார்; மடியில் எடுத்துக்கொண்டேன்.
வேளச்சேரி வரை பெனிட்டாவின் முகம் தெரியவில்லை.

இரவு.
மேசை மின்விசிறியை அணைத்தாயிற்று, பேஸ்ட் காய்ந்துவிடுமாம்.
எதைத் தொடும் முன்னும்
குளியலறைக் குழாயைப் போய்த் தொட்டுவிட்டு வந்தோம்
கோயிலுக்குள் நுழைகிறவர்கள் போல,
உடம்பின் மின்சாரத்தைக் கழற்றிவிட.
பிராசஸரின் தங்க முக்கோணத்தை
அவள் போர்டின் முக்கோணத்தில் வைத்தேன்.
அழுத்தவே வேண்டாம், தானாக இறங்கியது.

ஒன்று பத்துக்கு ஸ்விட்ச்.
காற்றாடி சுற்றுகிறது. திரை கறுப்பு.
இன்னொரு தடவை. கறுப்பு.
"ரெடிமேடே வாங்கியிருக்கலாம்" என்று
இருவரும் ஒரே நேரத்தில் சொல்லவில்லை.
என் ரேம் குச்சி சரியாக உட்காரவில்லை.
அவள்தான் கண்டுபிடித்தாள்.
டிக்.

திரை விழித்ததும் கேட்டது:
உங்கள் பெயர்?
நான் அவளைப் பார்த்தேன்.
அவள் ஒரு விரலால் அடித்தாள்: தம்பி.

விழுந்து விழுந்து சிரித்தோம்,
கீழ்வீட்டு ஞானசௌந்தரி குச்சியால் கூரையைத் தட்டும்வரை.

பக்கக் கதவைச் சாத்தினோம்.
அதன் நான்கு திருகும்
இன்னும் டம்ளரில் கிடக்கின்றன.
நாளைக்கு, என்றாள்.
நாளைக்கு, என்றேன்.